‘வாங்க சார்’ என்ற கடை

என் அண்ணனை எங்கள் ஊரில் முதன்முதலாக ‘சார்’ என்று அழைத்தவர், சேந்தமங்கலம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு செல்பேசிக் கடையின் விற்பனைப் பையன். 2012, பொங்கல் முடிந்த வாரம். அண்ணன் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நான் கல்லூரியில் முதலாம் ஆண்டு, துணைக்குப் போயிருந்தேன். “வாங்க சார், உட்காருங்க சார், எவ்வளவுக்குள்ள பாக்கறீங்க?” என்று அந்தப் பையன் கேட்டதும், தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அண்ணன் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் எங்கள் அருந்ததியர் தெருவில் பிறக்காதவர்கள். அப்பா சேகோ ஆலையில் குச்சிக்கிழங்கு மூட்டை இறக்கியவர். ஐம்பது வயதில் அவரைப் பெயர் சொல்லி ‘டேய்’ போட்டுக் கூப்பிட, பள்ளிக்கூடம் போகும் பண்ணையக்காரர் வீட்டுப் பையனுக்கு உரிமை இருந்தது. அப்பா அந்தப் பையனை ‘சாமி’ என்பார். மளிகைக் கடையில் எங்கள் காசைக் கையில் வாங்கமாட்டார்கள், பலகைமேல் வைக்கச் சொல்வார்கள். அதே ஊரில், கண்ணாடிக் கதவும் மின்விசிறியும் உள்ள ஒரு கடை எங்களுக்கு நாற்காலி போட்டது, தண்ணீர் கொடுத்தது, பணத்தைக் கையோடு கையாக வாங்கியது. அந்தக் கடை எங்களுக்கு எதை விற்றது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது.

அண்ணன் வாங்கியது சாம்சங் கேலக்ஸி ஒய். 3 அங்குலத் திரை, விலை ஏழாயிரம் ரூபாயைச் சுற்றி. அந்த ‘ஒய்’ என்ற எழுத்துக்குப் பொருள் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. 2011 ஆகஸ்டில் சாம்சங் தன் கேலக்ஸி வரிசையை எழுத்துகளால் படிநிலைப்படுத்தி அறிவித்தது. உச்சியில் எஸ். அடுத்து ஆர், டபிள்யூ, எம். கடைசிப் படியில் ஒய் – ‘யங்’, அதாவது இளமை. வளரும் சந்தைகளுக்கும், விலை பார்த்து வாங்கும் இளையோருக்கும் உரியது என்று நிறுவனமே விளக்கமும் தந்தது. மொத்தம் ஐந்து படிகள். நான்கு வருணம், அதற்கு வெளியே ஒன்று என்று கேட்டு வளர்ந்த நமக்குக் கணக்கு புரியாமல் போகாது. கடைசிப் படிக்கு ‘ஏழை’ என்று பெயர் வைத்தால் விற்காது. அதனால் ‘இளமை’ என்று வைத்தார்கள்.

அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 119 ரூபாய். முழுதாகக் கையில் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் – கொடுத்ததில்லை – அம்மா 59 நாள் ஏரி மண் அள்ளினால் ஒரு ‘இளமை’ வாங்கலாம்.

மற்ற நிறுவனங்களும் இதே வழியில்தான் போயின. நோக்கியா 2011 இறுதியில் மலிவு விலை வரிசைக்கு ‘ஆஷா’ என்று பெயர் வைத்தது. இந்தியில் நம்பிக்கை என்று பொருள். தமிழ்க் காதுக்கு ஆசை என்றே கேட்டது. 2014 செப்டம்பரில் கூகுள் ‘ஆண்ட்ராய்டு ஒன்’ திட்டத்தை இந்தியாவில் தொடங்கியபோது வந்த மூன்று செல்பேசிகளின் விலை 6,399 ரூபாயில் தொடங்கியது. அவற்றில் ஒன்றின் பெயர் ‘ஸ்பார்க்கிள்’, மற்றொன்றின் பெயர் ‘டிரீம்’. கனவு, மினுக்கம், ஆசை, இளமை. நினைவகம் குறைவு, ஆறு மாதத்தில் தொங்க ஆரம்பிக்கும் என்பதைப் பெயரில் எழுதமாட்டார்கள் அல்லவா.

இந்த விளம்பரங்களில் வரும் ‘இளைஞர்’ யார்? அவருக்கு ஊர் கிடையாது, தெரு கிடையாது, சாதி கிடையாது. நண்பர்களோடு பைக்கில் போகிறார், மலை உச்சியில் கை தூக்குகிறார், பெண்ணோடு சிரித்துப் பேசுகிறார். அந்தப் பெண் எந்தத் தெரு என்று யாரும் விசாரிப்பதில்லை. விளம்பரத்தில் சாதி இல்லாத இளமை ஒன்று உண்டாக்கப்படுகிறது. சாதி இல்லாத ஓர் இடத்துக்காக ஏங்குகிறவனுக்கு அதைவிடப் பெரிய ஈர்ப்பு வேறு இல்லை.

அண்ணன் செல்பேசி வாங்கிய அதே 2012இல், நவம்பர் 7ஆம் தேதி, பக்கத்து மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டமான தர்மபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. இளவரசனின் சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்கிட்டு இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்ச் சம்பாதித்து வாங்கிய வண்டி, பீரோ, தொலைக்காட்சிப் பெட்டி எல்லாம் கரியாயின. அதையொட்டி, தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார் பாட்டாளி மக்கள் கட்சி நிறுவனர் ராமதாஸ். அந்தப் பேச்சு எங்கள் பக்கத்து டீக்கடைகளுக்கு வந்து சேர்ந்தபோது பட்டியலில் டச் போனும் சேர்ந்திருந்தது. விளம்பரம் யாரை இளைஞன் என்று கொஞ்சியதோ, அவனை அதே உடை, அதே பொருளுக்காக ஊர் குற்றவாளி ஆக்கியது.

2015 ஜூன் 23ஆம் தேதி, எங்கள் மாவட்டத்திலேயே, திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் உடன் படித்த தோழியோடு பேசிக்கொண்டிருந்த ஓமலூர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். பொறியியல் படித்தவர். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தேடப்பட்ட யுவராஜ் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை அனுப்பிக்கொண்டிருந்தார். அவை எங்கள் பேருந்தில், சலூனில், பட்டறையில் ஒலிபெருக்கியில் கேட்டன. கேட்டவர்கள் கையில் இருந்தவையும் அதே ஐயாயிரம், ஏழாயிரம் ரூபாய் டச் போன்கள்தான். அண்ணன் தன் பட்டறையில் அதைக் கேட்டுவிட்டு வந்து அன்று சாப்பிடவில்லை. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023இல் உயர்நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. மலிவு விலைத் தொடுதிரை எல்லா இளைஞர்களையும் இணைக்கும் என்று விளம்பரம் சொன்னது. அந்த ஆண்டு எங்கள் மாவட்டத்தில் அது யாரை யாரோடு இணைத்தது என்று நாங்கள் பார்த்தோம்.

ஆகவே, ‘நம் பையன்கள் கூலிக் காசை எல்லாம் செல்போனில் கொட்டுகிறார்கள்’ என்று தோழர்கள் சிலர் கூட்டங்களில் பேசும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை. பொருளை வைத்திருக்கும் உரிமைக்கே நாம் அடி வாங்கிய வரலாறு இருக்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை போடக் கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1927 டிசம்பரில் மகாத்தில் பெண்களிடம் பேசிய அம்பேத்கர், சாதியை அடையாளம் காட்டும் உடையையும் நகையையும் விடுங்கள், மற்ற பெண்களைப்போலச் சேலை கட்டுங்கள் என்றார். குடைக்கும் செருப்புக்கும் நடந்த சண்டையின் தொடர்ச்சியில்தான் அண்ணனின் கேலக்ஸி ஒய்யையும் வைத்துப் பார்க்கிறேன். அது ஆடம்பரம் அல்ல.

இதற்கு நேரெதிராக, சந்தையே விடுதலை என்று பேசுகிறவர்களும் நம்மிடையே உண்டு. 2010இல் சந்திரபான் பிரசாத் உள்ளிட்ட நால்வர் உத்தரப்பிரதேசத்தின் இரண்டு வட்டாரங்களில் தலித் வீடுகளை ஆய்வு செய்து எழுதிய கட்டுரை எங்கள் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். பற்பசை, ஷாம்பு, செல்பேசி ஆகியவற்றின் புழக்கம் 1990க்குப் பிறகு எப்படிப் பெருகியது, அதோடு சமூக உறவுகள் எப்படி மாறின என்று காட்டும் கட்டுரை. அதை நான் மதிக்கிறேன். என் ஐயம் வேறு இடத்தில். அந்த ‘வாங்க சார்’ எவ்வளவு நாள் நிலைத்தது? கடை வாசல் தாண்டி எத்தனை அடி வந்தது?

2016, 2017இல் எங்கள் கடைத்தெருவின் நிறமே மாறியது. மருந்துக் கடை, மிக்சி ரிப்பேர் கடை, பேன்சி ஸ்டோர் என்று எதன் பெயர்ப்பலகையைப் பார்த்தாலும் ஒன்று விவோவின் நீலம், இல்லையென்றால் ஓப்போவின் பச்சை. நீலம் நம் நிறம் என்று நினைத்திருந்தோம்; ஊர்த்தெருவுக்குள் நீலம் நுழைந்ததே ஒரு செல்பேசி நிறுவனத்தின் பெயரைத் தாங்கித்தான். இந்த இரண்டு நிறுவனங்களும் இணைய விற்பனையைவிடச் சிறுநகரக் கடைகளை நம்பின. கடைக்காரருக்குக் கூடுதல் கமிஷன், பெயர்ப்பலகை இலவசம், கடைக்குள் நிறுவனத்தின் டி-சர்ட் போட்ட விற்பனைப் பையன். அந்தப் பையன்களில் சிலர் எங்கள் தெருவைச் சேர்ந்தவர்கள். பிளஸ் டூ முடித்தவர்கள், பேச்சுத் திறமை உள்ளவர்கள். மாத இலக்கு வைத்து வேலை. இலக்கை எட்ட அவர்கள் முதலில் போனது சொந்தக்காரர்களிடமும் பள்ளி நண்பர்களிடமும்தான். காலனிக்குள் யாருக்கு எப்போது மில் போனஸ் வரும், யார் வீட்டில் கோழிப்பண்ணைச் சம்பளம் சேர்ந்தது என்பதெல்லாம் நிறுவனத்துக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். சந்தை ஆய்வுக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

இந்தப் பணம் எங்கே போனது என்பதற்கும் கணக்கு உண்டு. 2017இல் இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் போட ஓப்போ ஐந்தாண்டுக்கு 1,079 கோடி ரூபாய் தர ஒப்புக்கொண்டது. ஐபிஎல் போட்டிக்குத் தன் பெயரை வைக்க 2018 முதல் ஐந்தாண்டுக்கு விவோ ஒப்புக்கொண்டது 2,199 கோடி.

செல்பேசியின் கேமராவைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். 2016 தொடங்கி பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய் செல்பேசிகள் ‘செல்பி’ என்ற ஒற்றைச் சொல்லில் விற்கப்பட்டன. அதோடு வந்தது அழகூட்டும் வசதி. முகத்தின் பருவும் தழும்பும் மறையும், நிறம் இரண்டு படி வெளுக்கும். பல செல்பேசிகளில் அதை நாம் தேடிப் போட வேண்டியதில்லை. பெட்டியைத் திறக்கும்போதே அது போட்டிருக்கும். தேடித்தான் அணைக்க வேண்டும். அணைக்கலாம் என்றே எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் சிலை முன்னால் எடுத்த குழுப்படத்தில் நாங்கள் எல்லோரும் மாவு பூசியதுபோல இருந்தோம். கேமரா சிலையின் முகத்தையும் அடையாளம் கண்டு சதுரம் போட்டு, அதையும் வழுவழுப்பாக்கி வைத்திருந்தது. சிரித்தோம். பிறகு அண்ணனுக்குப் பெண் பார்த்தபோது அனுப்பியதும் அப்படி வெளுத்த படம்தான். நேரில் வந்த பெண் வீட்டார் – நம் சொந்தச் சாதிக்காரர்களே – ‘போட்டோவில் நிறமாக இருந்தாரே’ என்று கேட்டார்கள். அண்ணன் தலை குனிந்து நின்றான். கருப்பாக இருப்பது குறை என்று அந்த நிறுவனங்கள் புதிதாகக் கற்பிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த காயத்தைக் கண்டுபிடித்து, அதை வைத்து மாடலுக்கு மாடல் விற்றார்கள். 2021இல் கூகுள், கருத்த தோலை உள்ளது உள்ளபடி காட்டும் ‘ரியல் டோன்’ என்று பெருமையோடு விளம்பரம் செய்தது. அது வந்தது விலை உயர்ந்த பிக்ஸல் 6இல். அந்த மாடல் இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை.

இனி டியூ. எங்கள் ஊரில் இஎம்ஐ என்று யாரும் சொல்வதில்லை; ‘டியூல எடுத்தது’ என்போம். 2017 தீபாவளிக்கு அண்ணன் எடுத்த செல்பேசி அப்படி வந்ததுதான். வட்டி இல்லை என்றார்கள்; பிராசசிங் பீஸ் உண்டு, காப்பீடு என்று ஒன்று உண்டு, கேட்காமலே சேர்த்த டெம்பர் கிளாஸும் பவுச்சும் உண்டு. விண்ணப்பத்தில் முகவரி எழுதியதும் கடைப் பையன் தயங்கினான். “இந்த அட்ரஸுக்கு லோன் ஏறாதுங்க. பட்டறை அட்ரஸ் போட்டுக்கலாமா சார்?” என்றான். அப்போதும் ‘சார்’தான். கடையில் சாதி கேட்கவில்லை என்று நாங்கள் நம்பியிருந்தோம். கணினி தெருவைக் கேட்டது, அது போதுமானதாக இருந்தது. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்லது. தனியார் கடன் நிறுவனங்களின் கணினியில் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்பதையும் அரசு கேட்க வேண்டும்.

எட்டாவது டியூ தவறியது. பட்டறையில் வேலை குறைந்திருந்த மாதம். முதல் அழைப்பு மரியாதையாக வந்தது. மூன்றாவது அழைப்பு, சாட்சிக்கு எண் கொடுத்திருந்த என் அத்தைக்குப் போனது. “அவனை எடுக்கச் சொல்லு. டியூ கட்ட வக்கில்லாத நாய்க்கு டச் போனு எதுக்குடா?” என்றது ஒரு குரல். அத்தை பயந்து செல்பேசியை அணைத்துத் தவிட்டுப் பானைக்குள் வைத்துவிட்டார். கடை வாசலில் கிடைத்த ‘சார்’ எட்டு மாதத்தில் ‘டா’ ஆனது. எட்டு மாதத்துக்கு அவன் அதை வாடகைக்கு எடுத்திருந்தான், அவ்வளவுதான்.

2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வசூல் முகவர்கள் மிரட்டவோ இழிவாகப் பேசவோ கூடாது, காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. அடுத்த மாதமே, கடன் செயலிகள் செல்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் எடுக்கக் கூடாது என்றும் சொன்னது. இவை எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது, எந்தக் கடையிலும் எழுதி ஒட்டியதில்லை. இப்போது இன்னொரு பேச்சு வந்திருக்கிறது. தவணை தவறினால் செல்பேசியைத் தொலைவிலிருந்தே பூட்டிவிட கடன் நிறுவனங்களை அனுமதிக்கலாமா என்று ரிசர்வ் வங்கி பரிசீலிப்பதாக 2025 செப்டம்பரில் செய்தி வெளியானது. வேலைக்கு ஆள் கூப்பிடுவதும், கூலி ஜிபேயில் வருவதும், கல்வி உதவித்தொகைக்கு ஓடிபி வருவதும் அந்தக் கருவியில்தான். கடன்பட்ட பண்ணையாளை வேறு பண்ணைக்குப் போகவிடாமல் வைத்திருந்த முறையை எங்கள் தாத்தா பார்த்திருக்கிறார். பூட்டு வெளியே தெரியாது என்பதுதான் வித்தியாசம்.

இதுவரை அண்ணனைப் பற்றியே பேசிவிட்டேன். அவன் கேலக்ஸி ஒய் வாங்கிய அன்று, அவனுடைய பழைய பட்டன் போன் எனக்கு வந்தது. 2009இல் வந்த 3 விழுக்காடு அருந்ததியர் உள் ஒதுக்கீட்டின் வழியாகக் கல்லூரிக்குள் நுழைந்தவள் நான். வீட்டில் முதல் பட்டதாரி. டச் போனுக்கு உண்மையில் தேவை இருந்தது எனக்குத்தான். ஆனால் ‘யங்’ என்ற சொல்லில் பெண் இல்லை. விளம்பரத்தில் பெண் உண்டு, படம் எடுக்கப்படுகிறவளாக. 2023ஆம் ஆண்டுக்கான அசர் ஆய்வு, கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் கேட்டது: திறன்பேசி இயக்கத் தெரிந்தவர்களில் பையன்களில் 43.7 விழுக்காட்டினர் சொந்தமாக வைத்திருக்கிறார்கள், பெண்களில் 19.8. வீட்டில் செல்பேசி இருக்கிறது, அது அவள் கையில் இல்லை. எங்கள் தெருவிலிருந்து நூற்பாலை விடுதிகளுக்குப் போன பெண்களுக்குப் பல இடங்களில் செல்பேசி வைத்துக்கொள்ளவே அனுமதி இல்லை. வாரத்துக்கு ஒருமுறை வார்டன் முன்னால் நின்று வீட்டுக்குப் பேச வேண்டும். ‘போன் கொடுத்தால் பெண் கெட்டுப்போவாள்’ என்பதை மில் முதலாளி சொல்கிறார், சாதிச் சங்கம் சொல்கிறது, என் அண்ணனும் சொன்னான். மற்ற இரண்டையும் எதிர்த்து நாம் எழுதியிருக்கிறோம். மூன்றாவதை எழுத எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

நம் அமைப்புகள் செய்ய வேண்டியவை சில உடனே தோன்றுகின்றன. செல்பேசிக் கடனைக் குடும்ப விஷயம் என்று ஒதுக்காமல் கூலிப் பிரச்சினையாக எடுக்கலாம். கந்துவட்டியைப் பற்றி நாம் அப்படித்தானே பேசினோம். தொலைவிலிருந்து பூட்டும் யோசனைக்கு எதிராக இப்போதே மனு அனுப்பலாம். முகவர் பேசக் கூடாத வார்த்தை பேசினால் பதிவு செய்வது எப்படி, யாரிடம் புகார் கொடுப்பது, சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் என்ன வழி என்று ஒரு பக்கத் துண்டறிக்கை போதும். படிப்பு வட்டத்தில் ஒரு மாலை, கேமராவில் அழகூட்டும் வசதியை எப்படி அணைப்பது என்று காட்டலாம். சிறிய வேலைதான்.

அக்கா மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ. நீட்டுக்குப் படிக்க வேண்டும், பாடக் காணொளி பார்க்க வேண்டும், தனியாக ஒரு டச் போன் வேண்டும் என்கிறாள். அண்ணன், தாய்மாமன் என்ற உரிமையில், ‘வாங்கித் தர்றேன், ஆனா லாக் நம்பர் எனக்குத் தெரியணும்’ என்றான். “அப்படின்னா அது உங்க போனு, மாமா” என்றாள். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, நீயே கூட்டிக்கொண்டு போ என்றான். போன ஞாயிறு போனோம். அதே பேருந்து நிலையம், வேறு கடை. “வாங்க மேடம்” என்றாள் டி-சர்ட் போட்ட ஒரு பெண். விண்ணப்பத்தில் சாட்சிக்கு இரண்டு எண்கள் கேட்டாள். ஒன்று என்னுடையது. “இன்னொண்ணு யாருது சித்தி?” என்று அக்கா மகள் கேட்டாள். கடனே வேண்டாம் என்று சொல்லி, என் ஆய்வு உதவித்தொகையில் மிச்சம் இருந்த 8,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். டியூவில் எடுத்தால்தான் தனக்கு இலக்கு கணக்காகும் என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். எந்த ஊர் என்று கேட்டேன். எங்கள் பக்கத்துத் தெரு.